மூடப்போகும் மாநிலப் பூங்காவை ஏற்று நடத்துவது எப்படி: கலிபோர்னியா பூங்கா நண்பர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பக்கத்துப் பூங்காவை மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்தால் எல்லோரும் உடனே கையெழுத்து வாங்கக் கிளம்புவார்கள். அடுத்து பணம் திரட்டத் தொடங்குவார்கள். இரண்டும் தேவைதான், ஆனால் இரண்டுமே முதல் படி இல்லை. ஒரு மாநிலப் பூங்காவின் நண்பர்கள் குழுவில் சில ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான். எங்களுக்குப் பின்னால் வந்த குழுக்கள் யோசனை கேட்டு வந்தபோதெல்லாம் ஒன்றைக் கவனித்தேன். ஆர்வத்துக்குக் குறைவே இல்லை, வேலைகளின் வரிசைதான் மாறிப்போயிருந்தது.

2011 மே மாதம் கலிபோர்னியா பூங்காத் துறை, தன் 278 பூங்காக்களில் 70-ஐ 2012 ஜூலை 1-க்குள் மூடப்போவதாக அறிவித்தது. ஆண்டுக்கு 2.2 கோடி டாலர் மிச்சம் பிடிக்க வேண்டும் என்பது காரணம். சான் ஹோசே பக்கத்துத் தமிழர்கள் வார இறுதியில் நடக்கப் போகும் காஸில் ராக், ஹென்றி கோ இரண்டும் அந்தப் பட்டியலில் இருந்தவை. அதே ஆண்டு அக்டோபரில் ஆளுநர் ஜெரி பிரவுன் ஏ.பி. 42 என்ற சட்டத்தில் கையெழுத்திட்டார் (ஏ.பி. என்றால் சட்டமன்ற மசோதா). அன்று சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஜாரெட் ஹஃப்மன் கொண்டுவந்தது அது. தகுதியுள்ள லாப நோக்கற்ற அமைப்பு ஒன்று முழுப் பூங்காவையே எடுத்து நடத்தலாம் என்று அது வழிவிட்டது. பொது வளச் சட்டத் தொகுப்பில் அதற்கு 5080.42 என்று எண்.

அந்தப் பிரிவின் வழியாகப் போகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நாலு பேர் வேண்டும். கணக்கு தெரிந்தவர் ஒருவர், ஒப்பந்தம் படிக்கத் தெரிந்த வக்கீல் ஒருவர், தண்ணீர்க் குழாயும் மோட்டாரும் செப்டிக் டேங்கும் தெரிந்தவர் ஒருவர், அதிகாரிகளிடம் பொறுமையாகப் பேசக்கூடியவர் ஒருவர். மூன்றாமவரைத்தான் எல்லாக் குழுக்களும் மறக்கின்றன. பறவை தெரிந்தவர்களும் செடி தெரிந்தவர்களும் பத்துப் பேர் இருப்பார்கள், பம்ப் தெரிந்தவர் இருக்கமாட்டார்.

அவகாசமும் வேண்டும். 2011-இல் அறிவிப்புக்கும் கடைசி நாளுக்கும் நடுவே இருந்தது ஏறக்குறைய 14 மாதம். அதையே நெருக்கடியான காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தின் இன்றைய வாசகத்தையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 5080.42 முதலில் 2019 ஜனவரி 1 வரை மட்டுமே செல்லும் என்று எழுதப்பட்டு, பிறகு திருத்தப்பட்டது. பழைய பிரதியை வைத்துத் திட்டம் போட்டால் தேதிகளும் வரம்புகளும் தப்பும்.

1. மூடுவதற்கான காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்

"பட்ஜெட் இல்லை" என்று வாயால் சொல்வதை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். ஊழியர் சம்பளத்துக்குப் பணம் இல்லாததால் மூடுவது ஒன்று. குடிநீர் அமைப்பு கெட்டுப்போய், அதைச் சரிசெய்யப் பணம் இல்லாததால் மூடுவது வேறு. முன்னதை நன்கொடையும் தன்னார்வலரும் வைத்துச் சமாளிக்கலாம். பின்னதற்கு மொத்தமாக ஒரு பெரிய தொகை வேண்டும், மாதா மாதம் வரும் சிறு நன்கொடையால் அது ஆகாது.

மொஹாவே பாலைவனத்தில் இருக்கும் மிட்செல் குகைகள் இதற்கு நல்ல பாடம். கட்டமைப்புக் கோளாறால் 2011 தொடக்கத்தில் அந்த இடம் மூடப்பட்டது. ஆள் இல்லாத இடத்தில் செம்புக் கம்பிகளைத் திருடிப் போனார்கள், கட்டடங்களைச் சேதப்படுத்தினார்கள். மறுபடி திறந்தது 2017 நவம்பரில்தான். மூடிய பூங்காவுக்குச் செலவே இல்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்த உதாரணத்தைச் சொல்லுங்கள்.

காரணத்தை வாங்க, மாவட்டக் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மாநிலப் பூங்காக்கள் மாவட்டம் மாவட்டமாகப் பிரிக்கப்பட்டவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்காணிப்பாளர் உண்டு. பதில் வராவிட்டால் பொது ஆவணச் சட்டத்தின் கீழ் மனு போடுங்கள். ஆவணத்தைத் தருவார்களா மாட்டார்களா என்பதை 10 நாளுக்குள் அவர்கள் சொல்லியாக வேண்டும்.

எதைக் கேட்பது? 2011-இல் வந்த ஏ.பி. 95, எந்தப் பூங்காவை மூடலாம் என்று முடிவெடுக்கப் பார்க்க வேண்டிய அம்சங்களைப் பட்டியலிட்டது. பூங்காவின் மாநில அளவிலான முக்கியத்துவம், வருகையாளர் எண்ணிக்கை, மூடினால் உண்மையில் மிச்சமாகும் தொகை, வேலி போட்டு மூடவே முடியுமா என்பது, கூட்டாளிகள் இருக்கிறார்களா என்பது, செலவு பிடிக்கும் கட்டமைப்புப் பழுதுகள் போன்றவை அவை. உங்கள் பூங்காவை இந்த அம்சங்களில் எப்படி மதிப்பிட்டார்கள் என்ற தாளைக் கேளுங்கள். பின்னால் நீங்கள் எழுதப்போகும் திட்ட அறிக்கை அந்தத் தாளுக்குப் பதிலாக இருக்க வேண்டும்.

2. நிலத்தின் பத்திரங்களைத் தேடுங்கள்

இது சலிப்பான வேலை. இருந்தாலும் செலவுக் கணக்குக்கு முன்னால் செய்துவிடுங்கள், ஏனென்றால் இதில் கிடைக்கும் ஒரு தாள் மொத்தப் பேச்சுவார்த்தையையும் மாற்றக்கூடும்.

பல பூங்காக்கள் யாரோ ஒரு குடும்பம் தானமாகக் கொடுத்த நிலம். "பொதுமக்களுக்குப் பூங்காவாக இருக்கும் வரை" என்ற நிபந்தனை அந்தத் தானப் பத்திரத்தில் இருக்கலாம். அடுத்ததாக, மத்திய அரசின் நில, நீர்ப் பாதுகாப்பு நிதியிலிருந்து பூங்கா எப்போதாவது பணம் வாங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வாங்கியிருந்தால், பொதுமக்கள் வெளியில் வந்து பொழுதுபோக்கும் இடமாகவே அந்த நிலம் இருந்தாக வேண்டும். வேறு எதற்கும் மாற்ற வேண்டுமானால் மத்திய அரசின் அனுமதியும் ஈடான மாற்று நிலமும் வேண்டும். பூங்கா கடலோரத்தில் இருந்தால் கடற்கரைச் சட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள், மக்கள் கடலுக்குப் போகும் வழியை அடைப்பது லேசான காரியம் இல்லை.

உள்ளே ஏற்கெனவே யாராவது கடையோ படகுத்துறையோ குதிரைச் சவாரியோ ஒப்பந்தத்தில் நடத்துகிறார்களா என்பதும் இந்தப் படியில்தான் தெரிய வேண்டும். அந்த ஒப்பந்தத்தின் காலம் முடியும் வரை நீங்கள் அதை மதிக்க வேண்டும் என்று 5080.42 சொல்கிறது. அந்த வருமானத்தை உங்கள் கணக்கில் எழுதிக்கொண்டு, பிறகு அது வராது என்று தெரிந்துகொண்ட குழுக்களைப் பார்த்திருக்கிறேன்.

3. உண்மையான செலவுக் கணக்கைப் போடுங்கள்

வழிகாட்டியில் இதுதான் முக்கியமான படி. நிதானமாகச் செய்யுங்கள்.

துறை உங்களிடம் ஓர் ஆண்டுச் செலவுத் தொகையைச் சொல்லும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, ஒரே ரேஞ்சரும் (பூங்காக் காவலர்) ஒரே பராமரிப்புக் குழுவும் நாலைந்து பூங்காக்களைப் பார்த்துக்கொள்வார்கள். அவர்களின் சம்பளத்தில் உங்கள் பூங்காவின் பங்கு எவ்வளவு என்பது யாரோ போட்ட ஒரு கணிப்புதான். இரண்டாவது, பல வருடங்களாகத் தள்ளிப்போட்ட பழுதுகள் அந்தத் தொகைக்குள் வராது.

ஆகவே நீங்களே கீழிருந்து கட்டுங்கள். பூங்காவை நடந்து பாருங்கள். ஒவ்வொரு கழிப்பறையையும் எழுதுங்கள். ஒவ்வொரு செப்டிக் டேங்கும் கடைசியாக எப்போது காலி செய்யப்பட்டது என்று கேளுங்கள். கூரை, பாலம், மின்கம்பம், சாலையில் குழி, பாதையை மறித்து விழக்கூடிய காய்ந்த மரம், எல்லாவற்றையும் படம் எடுத்துப் பட்டியலிடுங்கள்.

தண்ணீரைத் தனியாகப் பாருங்கள். ஆண்டில் குறைந்தது 60 நாள், நாளுக்குக் குறைந்தது 25 பேருக்குக் குடிக்கும் தண்ணீர் தருகிறீர்கள் என்றால், சட்டப்படி அது பொதுக் குடிநீர் அமைப்பு. அனுமதி, மாதிரிப் பரிசோதனை, பதிவேடு எல்லாம் வரும். கேம்ப்கிரவுண்ட் உள்ள பூங்கா ஏறக்குறைய எப்போதும் இந்த வரம்புக்குள் வந்துவிடும். புதியவர்கள் போடும் கணக்கில் நான் பார்த்த மிகப் பெரிய ஓட்டை இதுதான்.

அப்புறம் காப்பீடு. பொதுப் பொறுப்புக் காப்பீடு, வாகனம், பணியாளர் இழப்பீடு, நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கான காப்பீடு என நாலும் வேண்டும். விலைப்புள்ளியை இப்போதே வாங்குங்கள், ஒப்பந்தம் முடிந்தபிறகு வாங்கினால் அதுதான் விலை என்று கொடுக்க வேண்டி வரும்.

வருமானப் பக்கத்துக்கு வருவோம். எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு: வார இறுதி நாட்கள் ஆண்டுக்கு 104. நாளுக்கு 60 கார், காருக்கு 10 டாலர் என்றால் 62,400 டாலர். தாளில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். இப்போது கழியுங்கள். மாநில ஆண்டுப் பாஸ் வைத்திருப்பவர்கள் உங்களிடம் பணம் கட்டாமல் வந்தால் அது போகும். வெளியே சாலையோரம் நிறுத்திவிட்டு நடந்து வருபவர்கள் போவார்கள். மழை நாட்கள் போகும், காட்டுத்தீப் புகை மூட்டத்தில் மூடும் நாட்கள் போகும். வாசலில் ஆள் இல்லாமல் இரும்பு உண்டியல் மட்டும் வைத்தால் கட்டண உறையைப் போடாமல் போகிறவர்களும் உண்டு. நாங்கள் முதலில் போட்ட வருமானத்தில் பாதியைத்தான் இரண்டாம் முறை போட்டபோது நம்ப முடிந்தது. அந்தப் பாதியை வைத்துத்தான் முடிவெடுத்தோம், அது எங்களைக் காப்பாற்றியது.

ஒரு விதியை மனதில் வையுங்கள்: முழுப் பூங்காவையும் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில், அதை நடத்தவோ பராமரிக்கவோ மாநிலத்தின் பொது நிதியிலிருந்து மானியம் தரக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. குறை விழுந்தால் அரசு பார்த்துக்கொள்ளும் என்று யாராவது நினைத்தால் அந்த நினைப்பை இந்தப் படியிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். மறுபக்கம், பூங்காவில் வரும் வருமானம் முழுவதும் அந்தப் பூங்காவுக்கே செலவாக வேண்டும். அதை எடுத்து உங்கள் அமைப்பின் வேறு திட்டத்துக்குப் போட முடியாது.

4. எந்த வகை ஒப்பந்தம் என்று முடிவு செய்யுங்கள்

செலவுக் கணக்கு முடிந்தபிறகுதான் இந்தக் கேள்வி. முழுப் பூங்காவையும் எடுப்பது ஒரு வழிதான், அதைவிடச் சிறிய வழிகளும் இருக்கின்றன.

பற்றாக்குறை மட்டும்தான் சிக்கல், துறையின் ஊழியர்கள் நன்றாக நடத்துகிறார்கள் என்றால் நன்கொடை ஒப்பந்தம் போதும். நீங்கள் பணம் கட்டுவீர்கள், அவர்கள் நடத்துவார்கள். ஹென்றி கோ பூங்கா 2012-இல் பிழைத்தது இந்த வழியில்தான். அதற்கென்றே தொடங்கிய ஒரு நிதியம் மூன்று ஆண்டுக்கான பற்றாக்குறையை ஏற்றுக்கொண்டது.

உள்ளூர் அரசு அமைப்பு ஒன்று முன்வந்தால் அது இன்னொரு பாதை. நாப்பா கவுன்டியில் வட்டாரப் பூங்காக்களையும் திறந்தவெளிகளையும் பார்த்துக்கொள்ளும் மாவட்ட அமைப்பு, போத்தே-நாப்பா பள்ளத்தாக்குப் பூங்காவை எடுத்தது அப்படித்தான். அவர்கள் அரசு அமைப்பு என்பதால் ஏ.பி. 42 அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

கேம்ப்கிரவுண்டையோ அருங்காட்சியகத்தையோ மட்டும் எடுத்து நடத்தும் பகுதி ஒப்பந்தமும் உண்டு.

முழு ஒப்படைப்புக்கு முதல் உதாரணம் சொனோமாவில் இருக்கும் ஜாக் லண்டன் வரலாற்றுப் பூங்கா. வேலி ஆஃப் தி மூன் இயற்கை வரலாற்றுச் சங்கம் 2012 மே மாதம் அதை ஏற்றது. பல ஆண்டுகளாக அதே பூங்காவில் வழிகாட்டிகளை நடத்திவந்த சங்கம் அது, புதிதாக வந்ததில்லை. பக்கத்திலேயே இருக்கும் சுகர்லோஃப் ரிட்ஜ் பூங்காவை சொனோமா சூழலியல் மையத்தின் தலைமையில் ஐந்து அமைப்புகள் சேர்ந்து எடுத்தன. நடைபாதைச் சங்கம் பாதையைப் பார்த்துக்கொள்ளும், முகாம் நடத்தித் தெரிந்தவர்கள் கேம்ப்கிரவுண்டைப் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் குழு சிறியது என்றால் இந்த முறையை யோசித்துப் பாருங்கள். தெரியாத வேலையைக் கற்றுக்கொண்டு செய்வதைவிட, தெரிந்த அமைப்பைக் கூட்டாளியாகச் சேர்ப்பது நல்லது.

முழுப் பூங்கா ஒப்படைப்பு மாநிலம் முழுவதற்கும் 20-க்கு மேல் போகக்கூடாது என்ற வரம்போடு வந்தது ஏ.பி. 42. இடம் இருக்கிறதா என்று துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. உங்கள் அமைப்பின் தகுதியைச் சரிபாருங்கள்

சட்டம் மூன்று விஷயம் கேட்கிறது. மத்திய வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் வரிவிலக்கு வேண்டும். அமைப்பின் முக்கிய நோக்கமும் வேலையும் பூங்காவோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும், அதாவது வருகையாளர் சேவை, பொதுமக்களுக்கு வழி ஏற்படுத்துதல், பூங்கா வசதிகளை மேம்படுத்துதல், விளக்கமும் கல்வியும், இயற்கை அல்லது வரலாற்று வளங்களைப் பாதுகாத்தல் போன்றவை. மூன்றாவது, அறக்கட்டளைகளை மேற்பார்வை செய்யும் மாநிலச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்க வேண்டும்.

இரண்டாவதில் தடுக்கி விழுவார்கள். ஊர்ச் சங்கங்களும் பண்பாட்டுச் சங்கங்களும் நல்ல மனதோடு முன்வரும். ஆனால் அவற்றின் அமைப்புப் பத்திரத்தில் நோக்கம் வேறாக எழுதியிருக்கும். பூங்காவுக்கென்று தனி அமைப்பு தொடங்குவதே சுத்தமான வழி. அமைப்புப் பத்திரத்தை மாநிலச் செயலரிடம் பதிந்து, மத்திய வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.-க்கு வரிவிலக்கு கேட்டு 1023 படிவம் அனுப்பி, மாநில வரி வாரியத்திடமும் விலக்கு வாங்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும் வேலை, அதனால் மூன்றாம் படி நடக்கும்போதே இதைத் தொடங்கிவிடுங்கள்.

மூன்றாவதில் தடுக்கி விழுவது பழைய அமைப்புகள். மாநிலத் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலின் அறக்கட்டளைப் பதிவேட்டில் ஆண்டுதோறும் புதுப்பிப்புப் படிவம் கட்ட வேண்டும். பொருளாளர் மாறிய வருடம் அது விட்டுப்போயிருக்கும். பதிவேட்டில் "நிலுவை" என்று நின்றால் நீங்கள் நன்கொடை கேட்கவே கூடாது, ஒப்பந்தம் பற்றிச் சொல்லவே வேண்டாம். பதிவேடு இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. துறை பார்ப்பதற்கு முன்னால் நீங்கள் பார்த்துவிடுங்கள்.

6. இப்போது பணம் திரட்டுங்கள்

எவ்வளவு வேண்டும், எதற்கு வேண்டும், எந்த அமைப்பின் பெயரில் வாங்குவது என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டதால்தான் இப்போது.

முதலில் வாக்குறுதியாக வாங்குங்கள். ஒப்பந்தம் கையெழுத்தானால் இவ்வளவு தருகிறேன் என்று எழுதித் தரட்டும். ரொக்கமாக வந்ததைத் தனிக் கணக்கில் போட்டு, ஒப்பந்தம் நடக்காவிட்டால் அந்தப் பணம் என்ன ஆகும் என்பதை ரசீதிலேயே அச்சடியுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2012 ஜூலையில் நடந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. பூங்காக்களைக் காப்பாற்ற ஊர் ஊராக மக்கள் பணம் கொடுத்த பிறகு, துறையின் நிதிகளில் கணக்கில் காட்டாத 5.4 கோடி டாலர் இருந்தது வெளியே வந்தது. இயக்குநர் பதவி விலகினார். அந்த ஆண்டே ஏ.பி. 1478 என்ற சட்டம் வந்து இரண்டு ஆண்டுக்குப் பூங்காக்களை மூடுவதை நிறுத்தியது, நன்கொடைகளுக்கு ஈடாகப் பணம் போடவும் 1 கோடி டாலர் ஒதுக்கியது. ஆனால் பணம் கொடுத்த சாதாரண மனிதர்களின் மனக்கசப்பு சட்டத்தால் தீரவில்லை. நன்கொடையாளர் உங்களிடம் கேட்கப்போவது ஒன்றுதான்: "என் பணம் எங்கே போனது?" அதற்கு ஒரே தாளில் பதில் சொல்ல முடிய வேண்டும்.

7. திட்ட அறிக்கையோடு கண்காணிப்பாளரைச் சந்தியுங்கள்

திட்ட அறிக்கை 15 முதல் 20 பக்கம் போதும். பூங்காவின் இன்றைய நிலை, மூன்று ஆண்டு வரவுசெலவு, யார் என்ன வேலை செய்வார்கள், பழுதுகளை எந்த வரிசையில் சரிசெய்வோம், இயற்கைக்கும் வரலாற்றுச் சின்னங்களுக்கும் சேதம் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வோம் என்பவை அதில் இருக்க வேண்டும். கடைசி அம்சத்தை நாலு வரியில் முடிக்காதீர்கள். பூங்காவின் இயற்கை, வரலாற்று மதிப்புகளைக் காக்கும் கடமையை ஏ.பி. 42 எந்த விதத்திலும் தளர்த்தவில்லை. பூங்காவுக்குப் பொதுத் திட்டம் என்று ஓர் ஆவணம் இருக்கும். உங்கள் திட்டம் அதற்குள் அடங்க வேண்டும்.

பூங்காவில் இப்போது வேலை செய்யும் ஊழியர்களோடு முன்கூட்டியே பேசுங்கள். அவர்கள் தங்கள் வேலையை நினைத்துப் பயந்துபோயிருப்பார்கள். எந்த வால்வு எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அவர்களைக் குறைசொல்லித் தொடங்கும் திட்ட அறிக்கை எனக்குத் தெரிந்து எங்கேயும் நன்றாக முடிந்ததில்லை.

8. ஒப்பந்தத்தில் இந்த இடங்களைக் கூர்ந்து படியுங்கள்

யார் என்ன செய்வது என்பதைச் சட்டமே ஒப்பந்தத்தில் எழுதச் சொல்கிறது: வளங்களைப் பாதுகாப்பதில் அமைப்பின் கடமைகள் எவை, துறையிடமே தொடரும் கடமைகள் எவை என்று. "இருவரும் சேர்ந்து" என்ற சொல் எங்கே வந்தாலும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். நடுராத்திரியில் மரம் சாய்ந்து சாலையை மறித்தால் யாரைக் கூப்பிடுவது என்பது அந்த வரியில்தான் இருக்கிறது. சட்டம் ஒழுங்கு ரேஞ்சர்களிடமே இருக்கும், உங்கள் தன்னார்வலர் யாருக்கும் அபராதம் போட முடியாது.

பெரிய பழுதுகளுக்கு ஒரு தொகை வரம்பு எழுதுங்கள். அதற்குக் கீழே உள்ளது உங்கள் பொறுப்பு, மேலே உள்ளது நிலத்தின் சொந்தக்காரரான மாநிலத்தின் பொறுப்பு. எங்களுக்கு முதலில் வந்த வரைவில் இந்த வரம்பே இல்லை. கவனிக்காமல் கையெழுத்திட்டிருந்தால் ஐம்பது ஆண்டுப் பழைய குழாய் முழுவதும் எங்கள் தலையில் விழுந்திருக்கும்.

இயற்கைச் சீற்றத்துக்கு ஒரு பிரிவு வேண்டும். சுகர்லோஃப் பூங்கா 2017-இல் ஒருமுறை, 2020-இல் ஒருமுறை காட்டுத்தீயில் சிக்கியது. மூடியிருக்கும் மாதங்களில் வருமானம் வராது, ஆனால் சம்பளமும் காப்பீடும் நிற்காது. அந்தக் காலத்தில் உங்கள் கடமைகள் எந்த அளவுக்குக் குறையும் என்று எழுதி வாங்குங்கள்.

கடைசியாக வெளியேறும் வழி. எத்தனை நாள் முன்னறிவிப்பு, நீங்கள் வாங்கிய பொருட்கள் யாருக்கு, மீதியிருக்கும் பணம் என்ன ஆகும்? உற்சாகமாக இருக்கும்போது இதைப் பேச யாருக்கும் மனம் வராது. ஆனாலும் பேசிவிடுங்கள்.

9. சட்டமன்றத்துக்குப் போகும் அறிவிப்பு

இது துறையின் வேலை, ஆனாலும் நீங்கள் கண்காணிக்க வேண்டும். ஒப்பந்தம் போடும் எண்ணத்தை அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்கும் உரிய குழுத் தலைவர்களுக்கும் துறை தெரிவிக்க வேண்டும். மதிப்பிட்ட செலவு, வருமானம், முக்கியக் கடமைகள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். உங்கள் எண்களை உடனே தரும் நிலையில் இருந்தால் வாரங்கள் மிச்சமாகும். உறுப்பினரின் அலுவலகத்துக்கு நீங்களே முன்னதாக ஒருமுறை போய் விளக்கிவிட்டு வருவதும் நல்லது.

10. பூங்கா கைமாறும் நாள்

சாவிகளை எண்ணி, ஒவ்வொன்றிலும் சீட்டு கட்டி வாங்குங்கள். மீட்டர் அளவுகளை அன்றே படம் எடுங்கள். கட்டடம் கட்டடமாக இரண்டு தரப்பும் சேர்ந்து நடந்து, இருக்கும் சேதத்தை எழுதிக் கையெழுத்திடுங்கள். ஆறு மாதம் கழித்து "இது முன்பே உடைந்திருந்ததா?" என்ற கேள்வி வரும்.

காப்பீட்டுச் சான்று கையில் வராமல் வாசலைத் திறக்காதீர்கள்.

11. முதல் ஆண்டில் கவனிக்க வேண்டியவை

தன்னார்வலர் ஐம்பது பேர் மண்வெட்டியோடு வந்து நிற்பார்கள். அன்றைக்குத்தான் பெரிய தவறு நடக்கும். மாநிலப் பூங்காவில் ஒரு வேலிக்கம்பத்துக்குக் குழி தோண்டுவதற்கும் துறையின் திட்ட மதிப்பீட்டுப் படிவம் தேவைப்படலாம். அந்த மண்ணுக்குள் பழங்குடி மக்களின் வாழ்விடமோ புதைகுழியோ இருக்கலாம், அந்த மரத்தில் பறவை கூடு கட்டியிருக்கலாம். ஆகவே ஆண்டுத் தொடக்கத்திலேயே எல்லா வேலைகளையும் பட்டியலிட்டு, அனுமதிகளை ஒரே நேரத்தில் கேளுங்கள். அனுமதி வரும் வரை தன்னார்வலர்களுக்குக் குப்பை பொறுக்குவது, பெயின்ட் அடிப்பது, வாசலில் நிற்பது போன்ற வேலைகளைத் துறையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு கொடுங்கள். சம்பளம் கொடுத்துச் செய்யும் கட்டுமான வேலைக்கு அரசு நிர்ணயித்த கூலி பொருந்துமா என்று வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

கணக்கை மாதம்தோறும் முடியுங்கள். ஆண்டறிக்கையில் அந்தப் பூங்காவின் வரவும் செலவும் முழுமையாக இருக்க வேண்டும், அது உங்கள் இணையதளத்திலும் துறையின் தளத்திலும் வெளிவர வேண்டும். இரண்டு பூங்கா நடத்தினால் இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு. அமைப்பின் ஆண்டு வருமானம் 20 லட்சம் டாலரைத் தொட்டால் மாநிலச் சட்டப்படி தனித் தணிக்கையாளர் வேண்டும்.

அறிக்கைக்குப் பிறகு கண்காணிப்பாளரும் நீங்களும் சேர்ந்து பொதுக்கூட்டம் ஒன்று நடத்த வேண்டும் என்பதும் சட்டம். சில குழுக்கள் இதை வேலை நாளில் மதியம் இரண்டு மணிக்கு வைத்து ஐந்து பேரோடு முடித்துவிடுகின்றன. அப்படிச் செய்யாதீர்கள். சனிக்கிழமை காலையில், பூங்காவுக்குள்ளேயே வையுங்கள். வரவுசெலவுத் தாளை எல்லோர் கையிலும் கொடுங்கள். எங்கள் கூட்டங்களில் முதல் கேள்வி எப்போதும் கழிப்பறை பற்றித்தான் வரும், இரண்டாவது நாய்களை உள்ளே விடுவது பற்றி வரும். அதனால் கழிப்பறைப் பழுது வேலைகளின் தேதிகளைத் தாளின் முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள்.